கான்கிரீட்டுக்குச் செவி கொடுத்தவர்கள்

1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டி. சி. பவர்ஸ் என்னும் சிமெண்ட் ஆராய்ச்சியாளர், இரண்டு அங்குலச் சதுர முகமும் ஒன்பதரை அங்குல நீளமும் உள்ள சிறு கான்கிரீட் கட்டைகளை எடுத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, அவற்றிலிருந்து எழுந்த நாதத்தை வாத்திய கோஷ்டிகளில் பயன்படும் ஸ்வர மணிகளின் நாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த மணியின் ஸ்வரத்தோடு கட்டையின் ஸ்வரம் இழைந்ததோ அந்த மணிக்குரிய அதிர்வெண்ணையே கட்டையின் அதிர்வெண்ணாகக் கொண்டு, அதனோடு கட்டையின் எடையையும் அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்தக் கான்கிரீட்டின் மீள்தன்மைக் குணகம் இவ்வளவு என்று நிர்ணயித்துவிடலாம். கட்டையை உடைக்க வேண்டியதில்லை. இன்று பரிசோதித்த அதே கட்டையைப் பனியில் உறையவிட்டு, உருகவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடியும் பரிசோதிக்கலாம் என்பதே இம்முறையின் விசேஷம். குயவரிடம் குடம் வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதில் எந்தத் தத்துவம் அடங்கியிருக்கிறதோ, அதே தத்துவந்தான் இங்கும். ஆனால் நல்ல குடம், ஓட்டைக் குடம் என்ற இரண்டு தீர்ப்புகளோடு நின்றுவிடாமல், கேட்ட நாதத்துக்கு ஓர் எண்ணை வழங்க முற்பட்டதனால் பவர்ஸின் முயற்சி சாஸ்திரமாயிற்று. செவியை நம்பி மணியோடு ஒப்பிடுவதில் நேரக்கூடிய பிழை நூற்றுக்கு மூன்று என்ற அளவில் இருந்தது. அடுத்த ஆண்டே ஹார்னிப்ரூக் என்பவர் மின்னணுச் சாதனங்களைக் கொண்டு வந்து, செவி செய்த வேலையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஆனால் இந்த முறை ஆராய்ச்சிசாலையின் வாசற்படியைத் தாண்ட முடியாதது. ஒரு பாலத்தின் தூணையோ, ஓர் அணைக்கட்டையோ தாங்கிகளின்மேல் கிடத்தித் தட்டி அதன் ஸ்வரத்தைக் கேட்பது யாராலும் ஆகிற காரியமன்று. அங்கே வேண்டியிருந்தது வேறு ஓர் உபாயம். கான்கிரீட் முழுவதையும் அதிரச் செய்யாமல், ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு ஒரே ஒரு துடிப்பை அனுப்பி, அது போய்ச் சேர எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று பார்ப்பது. தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம். வேகத்திலிருந்து உள்ளே இருக்கும் பொருளின் நிலை. சொல்வதற்கு எளிதாயிருக்கும் இந்த வகுத்தல் கணக்கைத் துல்லியமாகச் செய்வதற்கு மனிதர்கள் எண்பது ஆண்டுகளுக்குமேல் பாடுபட்டிருக்கிறார்கள் என்றால், அந்தப் பாடு எதில் இருந்தது என்று விசாரிப்பது சுவாரஸ்யமான விஷயந்தான்.

ஒலியைக் கொண்டு ஊடுருவிப் பார்க்கும் வித்தை அப்போது புதிதாக இல்லை. 1880இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் சில ஸ்படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். முதல் உலக யுத்தத்தின்போது பால் லாஞ்சவான் அதே குணத்தைத் தலைகீழாகப் பிரயோகித்து, குவார்ட்ஸ் ஸ்படிகத்துக்கு மின்சாரம் கொடுத்து, கடலுக்குள் மனிதர் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடினார். 1928இல் லெனின்கிராடில் செர்கேய் சகலோவ் உலோகத்தின் உட்குறைகளை மீயொலியால் காணலாம் என்று எடுத்துச் சொன்னார். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவியையே அமைத்துக் காப்புரிமையும் பெற்றுவிட்டார். எஃகில் மறைந்திருக்கும் மயிரிழைப் பிளவுகூட அதற்குத் தப்பவில்லை.

எஃகில் நடந்தது கான்கிரீட்டில் ஏன் நடக்கவில்லை? ஒலியலையின் நீளத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். எஃகைச் சோதிக்கிறவர்கள் விநாடிக்குச் சில பத்து லட்சம் தடவை அதிரும் ஒலியைப் பயன்படுத்துகிறார்கள்; அதன் அலைநீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அத்தனை குறுகிய அலையைக் கான்கிரீட்டுக்குள் விட்டால், இருபது முப்பது மில்லிமீட்டர் பருமனுள்ள ஜல்லி ஒவ்வொன்றும் அதைச் சிதறடிக்கும். மணலும் காற்றுக் குமிழிகளும் எஞ்சியதை விழுங்கிவிடும். ஒரு சாண் போவதற்குள் அலை அடங்கிப்போகும். ஆகவே கான்கிரீட்டுக்கு நீண்ட அலை வேண்டும், அதாவது தாழ்ந்த அதிர்வெண் வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர். 54 கிலோஹெர்ட்ஸில் சுமார் 74. நீண்ட அலை தொலைதூரம் போகும், ஆனால் சிறு குறைகளைப் பொருட்படுத்தாமல் தாண்டிவிடும். குறுகிய அலை சிறு குறைகளையும் கவனிக்கும், ஆனால் சிறிது தூரமே போகும். இந்த இருதலைக் கொள்ளி கான்கிரீட் பரிசோதனையின் ஜாதகத்திலேயே எழுதப்பட்டது. எந்தக் கருவியும் அதை இன்றுவரை மாற்றி எழுதவில்லை.

யுத்தகாலத்தின் இறுதியில் லாங், கர்ட்ஸ், சாண்டனா என்ற மூவர் அமெரிக்காவில் கான்கிரீட் சாலைத் தளங்களின்மேல் சுத்தியலால் ஓர் அடி கொடுத்து, சிறிது தூரம் விட்டு வைத்த இரண்டு உணர்கருவிகளுக்கு இடையே அந்த அதிர்ச்சி கடக்கும் நேரத்தை அளந்து, 1945இல் தம் முறையை வெளியிட்டார்கள். பூகம்பத்தை ஆராய்கிறவர்கள் பூமிக்குச் செய்வதை இவர்கள் சாலைக்குச் செய்தார்கள் என்று கொள்ளலாம். ஆனால் சுத்தியலின் அடி ஒரு தடவை இருந்ததுபோல் மறு தடவை இருப்பதில்லை. ஒரே மாதிரியான துடிப்பை ஓயாமல் திரும்பத் திரும்ப உண்டாக்கும் கருவி இருந்தாலன்றி, அளவில் நம்பிக்கை வைப்பதற்கில்லை.

அந்தக் கருவி பிறந்த இடம் கனடாவிலுள்ள ஒண்டாரியோ மாகாணம். அங்கே நீர்மின் நிலையங்களையும் அவற்றுக்குரிய அணைகளையும் பராமரித்துவந்த ஒண்டாரியோ நீர்மின்சக்திக் கமிஷனுக்கு ஒரு கவலை இருந்தது; குளிர்காலத்தில் உறைந்தும் கோடையில் உருகியும் வயதான கான்கிரீட் அணைகளின் முகத்தில் பிளவுகள் தென்பட்டன, ஆனால் அப்பிளவுகள் தோலோடு நிற்கின்றனவா, உடலுக்குள் ஊடுருவிச் சென்றிருக்கின்றனவா என்பதை வெளியிலிருந்து கண்டு சொல்வார் இல்லை. துளையிட்டுக் கான்கிரீட் உருளைகளை வெட்டியெடுத்துப் பார்ப்பதென்றால் செலவும் அதிகம், ஓர் இடத்து உண்மை பத்தடி தள்ளிப் பொருந்துமா என்ற சந்தேகமும் தீராது. கமிஷனைச் சேர்ந்த லெஸ்லி, சீஸ்மன் என்ற இரு எஞ்சினீயர்கள் 1946, 1947ஆம் ஆண்டுகளில் இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, சோனிஸ்கோப் என்று பெயர் பெற்ற கருவியை உருவாக்கி, 1949இல் அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் சஞ்சிகையில் அதை விவரித்தார்கள். 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலியை அனுப்பும் ஸ்படிகத் தலை ஒன்று அணையின் ஒரு முகத்தில். அதை வாங்கிக்கொள்ளும் தலை மறு முகத்தில். வந்து சேரும் அலையைக் கண்ணுக்குக் காட்டும் ஒளித்திரை நடுவில். 15 மீட்டர் கனமுள்ள கான்கிரீட்டையும் அது ஊடுருவியது. காலத்தை அளப்பதில் அதன் பிழை நூற்றுக்கு மூன்று. பவர்ஸின் மணிகளுக்கும் சோனிஸ்கோப்புக்கும் ஒரே பிழை வாய்த்தது தற்செயலே என்றாலும், ஒன்று சாண் நீளக் கட்டையைத் தட்டியது, மற்றது ஐம்பதடி அணையைக் கடந்தது என்பதை நினைத்தால், பத்தாண்டுகளில் வித்தை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தெரியும்.

கருவியைக் காட்டிலும் என்னைக் கவர்வது அந்த இருவரின் அடக்கம். சோனிஸ்கோப்பால் செய்யக்கூடியவை என்று அவர்கள் சொன்னவை மூன்றே: உள்ளே பிளவு உண்டா என்று அறிதல், மேற்பரப்பில் வாய் திறந்த பிளவின் ஆழத்தைக் காணுதல், மீள்தன்மைக் குணகத்தைக் கணித்தல். கான்கிரீட்டின் வலிமை இவ்வளவு என்று சொல்லித் தருவதாக அவர்கள் வாக்களிக்கவில்லை. அலை வந்து சேரும் காலந்தான் பிரதானம், அதன் பருமன் இரண்டாம்பட்சம் என்று தெளிவாகக் கூறினார்கள். ஏனெனில் ஸ்படிகத் தலை கான்கிரீட்டோடு எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே அலை பெரிதாக வந்ததா சிறிதாக வந்ததா என்பதிலிருந்து எதையும் தீர்மானிக்க முடியாது. பரிசோதிக்கும் கட்டடத்தின் பூர்வ சரித்திரம் தெரியாமல் அளவுகளுக்கு அர்த்தம் சொல்லக்கூடாது என்றும் எச்சரித்தார்கள். நோயாளியின் பூர்வோத்தரங்களை விசாரிக்காமல் மருந்து எழுதாத வைத்தியர்களின் மரபு இது.

ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் சாலை ஆராய்ச்சிசாலையில் ஆர். ஜோன்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒண்டாரியோவைச் சாராமல் தாமே ஒரு கருவியை அமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அணைகள் பிரச்சினையல்ல, சாலைத் தளங்கள். அலை போகவேண்டிய தூரம் குறைவு. ஆகவே 60 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரையில் உயர்ந்த அதிர்வெண்ணை அவர்களால் கையாள முடிந்தது. ஜோன்ஸ் பொறுமைசாலி. ஒரே கலவை விகிதத்தில், ஒரே வலிமை வரும்படி, ஜல்லியை மட்டும் மாற்றி மாற்றிக் கான்கிரீட் வார்த்துப் பார்த்தால், உருண்டைக் கூழாங்கல் இட்டதில் ஒலியின் வேகம் மிகக் குறைவாகவும், உடைத்த சுண்ணாம்புக்கல் இட்டதில் மிக அதிகமாகவும், உடைத்த கருங்கல் இட்டதில் இரண்டுக்கும் இடைப்பட்டதாகவும் இருப்பதை அவர் கண்டு சொன்னார். சம வலிமை, வெவ்வேறு வேகம். இந்த ஒரு முடிவை எல்லோரும் மனத்தில் பதித்துக்கொண்டிருந்தால், பின்னால் வந்த பல வீண் சர்ச்சைகள் பிறந்திருக்கவே மாட்டா.

ஆனால் உலகம் எண்ணை விரும்புவது. அதிலும் அட்டவணையை விரும்புவது. 1951இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவர் சோனிஸ்கோப் பரிசோதனைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், விநாடிக்கு 15,000 அடிக்கு மேல் வேகம் இருந்தால் மிகச் சிறந்த கான்கிரீட், 12,000 முதல் 15,000 வரை நல்லது, 10,000 முதல் 12,000 வரை ஐயத்துக்குரியது, 7,000 முதல் 10,000 வரை மட்டம், அதற்கும் கீழே மிக மட்டம் என்று ஒரு வரிசை இடம்பெற்றது. தாம் பார்த்த கட்டடங்களின் அனுபவத்திலிருந்து திரட்டிய வழிகாட்டி அது. மெட்ரிக் அளவில் கூட்டியும் குறைத்தும் திருத்தப்பட்டு, நாட்டுக்கு நாடு பிரயாணம் செய்து, பிற்காலத்தில் அது சாஸ்திர வாக்கியத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. வேகத்திலிருந்து வலிமையைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையும் அதோடு வளர்ந்தது. கட்டுகிறவருக்கும் கட்டுவித்தவருக்கும் வழக்கு வந்தால், நடுவில் நிற்கிறவருக்கு வேண்டியது ஓர் எண். எண்ணுக்குப் பின்னால் உள்ள நிபந்தனைகளைக் கேட்கும் பொறுமை அந்த இடத்தில் எவருக்கும் இருப்பதில்லை.

வலிமை ஏன் வேகத்திலிருந்து நேராகக் கிடைப்பதில்லை என்பதைச் சிறிது விளக்கவேண்டும். ஒலியின் வேகம் ஒரு பொருளின் விறைப்பையும் அடர்த்தியையும் பொறுத்தது. கான்கிரீட்டின் பருமனில் முக்கால் பங்கு ஜல்லியும் மணலுமாதலால், வேகத்தில் பெரும்பங்கு அவற்றின் குரலே. உடைவதோ பெரும்பாலும் அவற்றைப் பிணைக்கும் சிமெண்ட்டுக் கூழிலும், கூழும் ஜல்லியும் சேரும் எல்லையிலும். மேலும், வார்த்த முதல் சில நாட்களில் வலிமையும் வேகமும் கைகோத்து விரைந்து ஏறுகின்றன. பிறகு வலிமை ஏறிக்கொண்டே போகையில் வேகம் களைத்து நின்றுவிடுகிறது. அந்த உச்சிப் பகுதியில் வேகத்தில் நூற்றுக்கு இரண்டு பிழை நேர்ந்தால், கணக்கிடும் வலிமையில் அது பல மடங்காகப் பெருகிவிடும். இவற்றையெல்லாம்விட விசித்திரமானது ஈரத்தின் செய்கை. நீரில் ஊறிய கான்கிரீட்டில் நுண்துளைகளை நீர் நிரப்புவதால், காய்ந்த கான்கிரீட்டைவிட வேகம் நூற்றுக்கு ஐந்து வரையில் உயரக்கூடும். அதே ஊறிய கட்டையை நசுக்கும் யந்திரத்தில் வைத்தாலோ, காய்ந்த கட்டையைவிடக் குறைந்த சுமையில் உடையும். ஒலி உயர்த்திச் சொல்ல, யந்திரம் தாழ்த்திச் சொல்லும். நீர்த்தொட்டியில் வளர்த்த கட்டைகளை வைத்து வலிமைக்கும் வேகத்துக்கும் ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டைக்கொண்டு வெயிலில் காய்ந்த தூணின் வலிமையைப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

இந்தச் சரித்திரத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரும்போது என் மனத்தில் ஓர் அபிப்பிராயம் வலுப்பட்டிருக்கிறது. கடிகாரம் திருந்திய வேகத்தில் தீர்ப்பு திருந்தவில்லை. தீர்ப்பு உண்மையாகவே திருந்திய சந்தர்ப்பங்களில், பரிசோதிக்கிறவர் கேட்ட கேள்வி சுருங்கியிருந்தது.

கடிகாரம் திருந்திய கதை 1960களின் கடைசியில் தொடங்குகிறது. அதுவரையில் கருவிகள் கனமானவை. மின்சாரக் கம்பியை இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஒளித்திரையில் அலை எங்கே தலை தூக்குகிறது என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். ஒருவர் கண்ட இடத்தை மற்றொருவர் காணமாட்டார். நெதர்லாந்தில் டி.என்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தில் பாட்டரியால் இயங்கும் சிறு கருவி வந்தது. லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் ஆர். எச். எல்வரியின் முயற்சியில் பண்டிட் என்னும் கருவி உருவாகி, கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாக உலகமெங்கும் பரவியது. திரையில்லை, அலை பார்க்க வேண்டியதில்லை, இலக்கங்களில் காலம் தெரியும், மைக்ரோ விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரைக்கும். 300 மில்லிமீட்டர் தூணை ஒலி கடக்க ஏறத்தாழ 75 மைக்ரோ விநாடி ஆகும் என்றால், அந்த இலக்கம் 750இல் ஒரு பங்கு நுண்மை உடையது. ஒண்டாரியோவின் நூற்றுக்கு மூன்றோடு ஒப்பிட்டால் இது பிரமாதமான முன்னேற்றந்தான்.

ஆனால் ஓர் ஆபத்தும் உடன் வந்தது. கருவியின் உள்ளே இருக்கும் எண்ணி, வரும் அலை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியவுடன் நிற்கும்படி அமைக்கப்பட்டது. அலை வலுவாக வந்தால் முதல் மேடே அந்த உயரத்தைத் தாண்டிவிடும். கான்கிரீட் மோசமாக இருந்தாலும், தூரம் அதிகமானாலும், தலை சரியாக ஒட்டாவிட்டாலும் அலை மெலிந்து வரும். முதல் மேடு தாண்டாது, அடுத்த மேட்டில்தான் எண்ணி நிற்கும். 54 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழு அதிர்வுக்கு 18 மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகும்; அரை அதிர்வு தவறினாலே 75இல் 9 கூடுகிறது, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு. பத்தில் ஒரு மைக்ரோ விநாடி வரை இலக்கம் காட்டும் கருவி, தொண்ணூறு மடங்கு பிழையை அதே பளிச்சென்ற இலக்கங்களில் காட்டிக்கொண்டு நிற்கும்! ஒளித்திரையைப் பார்த்துப் பழகிய பழைய பரிசோதகருக்கு அலை மெலிந்திருப்பது கண்ணில் பட்டிருக்கும். இலக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த எச்சரிக்கை கிடைக்கவில்லை. இன்றைய கருவிகளில் திரை மறுபடியும் வந்துவிட்டது. அலையை விரித்துக் காட்டி, பெருக்கத்தைக் கூட்டிக் குறைத்து, ஆரம்ப இடத்தைக் கையால் குறிக்க வழி செய்திருக்கிறார்கள். பழைய பழக்கம் புது உடையில் வந்து சேர்ந்ததென்று சொல்லவேண்டும்.

கருவிக்கு வெளியே செய்யவேண்டிய திருத்தங்கள்தாம் உண்மையில் அதிகப் பலனைத் தந்தன. ஆயினும் அவற்றைப் பற்றி எவரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஸ்படிகத் தலைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி அதில் முட்டித் திரும்பிவிடும். ஆகவே கிரீஸோ, வாஸலினோ, கிளிஸரினில் குழைத்த களிமண் பசையோ தடவவேண்டும், அதுவும் மெல்லியதாகத் தடவி அழுத்திப் பிடிக்கவேண்டும். கரடுமுரடான முகத்தில் எவ்வளவு கிரீஸும் போதாது. அளவெடுக்கப் போகிறவர் பையில் முதலில் இருக்கவேண்டியது உப்புத்தாளும் துடைக்கத் துணியுமே. அடுத்தது தூரம். தூணின் கனத்தை வரைபடத்தில் பார்த்து 300 என்று எழுதிக்கொள்கிறார். பலகை சிறிது பிதுங்கியதால் உண்மையில் அது 305 ஆக இருந்தால், நூற்றுக்கு ஒன்றரைக்குமேல் பிழை அங்கேயே புகுந்துவிட்டது. கடிகாரத்தின் நுண்மையெல்லாம் அந்த ஐந்து மில்லிமீட்டரில் கரைந்துபோயிற்று. பிரிட்டிஷ் தரநூல் தூரத்தையும் காலத்தையும் நூற்றுக்கு ஒன்றுக்குள் பிழையோடு அளக்கவேண்டும் என்று விதித்தபோது, அதில் கடினமான பாதி தூரத்தைப் பற்றியது. மூன்றாவது, கம்பிகளிலும் தலைகளிலும் கழியும் காலம்; இதைக் கழிப்பதற்காகக் கருவியோடு ஓர் உலோக உருளையைத் தருகிறார்கள், ஒலி அதைக் கடக்கும் காலம் அதன்மேலேயே பொறித்திருக்கும், வேலை தொடங்குமுன் கருவி அந்த எண்ணைக் காட்டும்படி சரிசெய்துகொள்ளவேண்டும். ஒரு முகம் மட்டுமே கைக்கு எட்டும் தளங்களில் ஒரு நயமான உபாயம் உண்டு. அனுப்பும் தலையை ஓரிடத்தில் வைத்துவிட்டு, வாங்கும் தலையைச் சம இடைவெளிகளில் நகர்த்திக்கொண்டே போய், காலத்தையும் தூரத்தையும் கோடாக வரைந்தால், கோட்டின் சாய்வே வேகத்தைத் தரும். தலையின் நடுவிலிருந்து அளப்பதா விளிம்பிலிருந்து அளப்பதா என்ற சந்தேகமும், கருவியின் ஆரம்பப் பிழையும் அந்தச் சாய்வில் இடம்பெறுவதேயில்லை. அந்தக் கோடு நடுவில் முறிந்து வளைந்தால், மேல் தோலின் தரமும் அடியின் தரமும் வேறு என்றும் தெரிந்துகொள்ளலாம்.

கான்கிரீட்டுக்குள் கிடக்கும் எஃகுக் கம்பி வேறு வகையான சத்துரு. எஃகில் ஒலி விநாடிக்குச் சுமார் 5.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், கான்கிரீட்டில் நான்கு. அலை போகும் வழிக்கு இணையாகக் கம்பி கிடந்தால், அலை கான்கிரீட்டை விட்டுக் கம்பியில் ஏறிக்கொண்டு குறுக்குவழியில் முன்கூட்டி வந்து சேர்ந்துவிடும். மட்டமான கான்கிரீட்டும் உயர்ந்த வேகத்தைக் காட்டிப் பரிசோதகரை ஏமாற்றிவிடும். லிவர்பூலில் பஞ்ஜி என்பவர் 1980களில் இந்த விஷயத்தை ஆராய்ந்து, கம்பியில் ஒலி போகும் வேகமே அதன் விட்டத்தையும் சுற்றியுள்ள கான்கிரீட்டையும் பொறுத்து மாறுகிறது என்று காட்டி, திருத்தக் குணகங்களை வகுத்தார். திருத்திக் கணக்கிடுவதைவிட, கம்பி எங்கே ஓடுகிறது என்று காந்தக் கருவியால் முதலில் கண்டுபிடித்து, அதைத் தவிர்த்துத் தலைகளை வைப்பதே உத்தமம் என்பது வேலைக்களத்தில் எல்லோருக்கும் தெரிந்த நீதி. கம்பிகள் நெருங்கிய தூண்களிலோ தவிர்க்க இடம் கிடைப்பதில்லை.

பிளவின் ஆழத்தைக் காண்பதில் துல்லியம் வேறு விதமாகச் சோதிக்கப்பட்டது. பிளவின் இருபுறமும் 150 மில்லிமீட்டர் தள்ளித் தலைகளை வைத்தால், பிளவு இல்லாத இடத்தில் 75 மைக்ரோ விநாடியில் கடக்கும் ஒலி, 100 மில்லிமீட்டர் ஆழமுள்ள பிளவின் அடி நுனியைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருப்பதால் 90 எடுத்துக்கொள்ளும். பைதாகரஸின் தேற்றத்தைத் தெரிந்த பள்ளி மாணவனும் அந்த 15 மைக்ரோ விநாடி வித்தியாசத்திலிருந்து ஆழத்தைக் கணித்துவிடுவான். ஆனால் பிளவில் நீர் நிறைந்திருந்தால் ஒலி சுற்றாமல் நீரினூடே நேராகத் தாண்டிவிடுகிறது; பிளவின் இரு முகங்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஒரு கம்பி பிளவைக் கடந்து சென்றாலும் அப்படியே. அப்போது கருவி பிளவை ஆழமில்லாததாகக் காட்டும். ஆபத்தைக் குறைத்துக் காட்டும் பிழை ஆகையால் இதற்குத்தான் அதிகமாக அஞ்சவேண்டும்.

வலிமையைச் சொல்லியே தீரவேண்டும் என்றிருந்தவர்களில் புத்திசாலித்தனமான வழியைக் கண்டவர்கள் ருமேனியர்கள். புகாரெஸ்டில் ஃபகவோவாரு என்பவரும் சகாக்களும் 1960களில், ஒலியின் வேகத்தோடு சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் அமைத்த எகிறு சுத்தியலின் அளவையும் சேர்த்துக்கொண்டார்கள். கான்கிரீட் ஈரமாயிருந்தால் ஒலி வேகம் ஏறும், சுத்தியலின் எகிறல் குறையும், காய்ந்திருந்தால் நேர்மாறு. இரண்டு சாட்சிகளும் எதிர்த் திசைகளில் பொய் சொல்வதால், சேர்த்துக் கேட்கும்போது பொய் ஓரளவு தேய்ந்துபோகிறது. சோன்ரெப் என்ற பெயரில் இந்தக் கலப்பு முறை பல நாடுகளுக்குச் சென்றது. அப்படியும், கட்டடத்திலிருந்து சில உருளைகளை வெட்டியெடுத்து நசுக்கி, கோட்டை அந்தக் கான்கிரீட்டுக்கென்றே திருத்திக்கொண்டாலன்றி, வலிமையில் நூற்றுக்கு இருபது அளவுக்குப் பிழை வருவது சகஜமென்றே நிபுணர்கள் கொள்கிறார்கள்.

இந்தியாவில் 1992இல் இம்முறைக்கென்று தனித் தரநூல் வெளிவந்தது. விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் மிகச் சிறந்தது, 3.5 முதல் 4.5 வரை நல்லது, 3.0 முதல் 3.5 வரை நடுத்தரம், அதற்குக் கீழே சந்தேகத்துக்குரியது என்ற அதன் நான்கு வரிகள் நம் நாட்டு எஞ்சினீயர்களுக்கு மனப்பாடம். வைட்ஹர்ஸ்டின் வரிசைக்கு இது நெருங்கிய உறவு என்பது பார்த்தவுடனே புலப்படும். வட அமெரிக்கக் கட்டடங்களின் அனுபவத்தில் பிறந்த எல்லைகள், நம் கருங்கல் ஜல்லிக்கும் நம் வெயிலுக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயமே. பிரிட்டிஷ் தரநூலில் வெப்பத்துக்கு ஒரு திருத்தம் இருந்தது. 10 முதல் 30 பாகை வரையில் ஒன்றும் வேண்டாம், காய்ந்த கான்கிரீட் 40 பாகையில் இருந்தால் அளந்த வேகத்தோடு நூற்றுக்கு இரண்டு கூட்டவேண்டும், 60இல் ஐந்து. சித்திரை வெயிலில் காயும் மொட்டைமாடித் தளம் 40 பாகையை எளிதில் எட்டும், அங்கே 4.42 என்று அளந்தவர் திருத்தினால் 4.51 ஆகிறது, 'நல்லது' என்ற வரி 'மிகச் சிறந்தது' ஆகிவிடுகிறது. கான்கிரீட்டில் மாறியது ஒன்றுமில்லை. 2018இல் இந்தியத் தரநூல் வேறு தொகுப்புக்குள் திருத்தி எழுதப்பட்டபோது, கான்கிரீட்டின் தர வகைக்கேற்ப எல்லைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். சரியான திசையில் வைத்த அடிதான்.

எஃகில் ஃபயர்ஸ்டோன் செய்ததைக் கான்கிரீட்டிலும் செய்யும் ஆசை, அதாவது எதிரொலியைக் கேட்டு உள்ளே இருப்பதன் படத்தையே வரைந்துவிடும் ஆசை, நீண்ட காலம் நிறைவேறாமல் இருந்தது. 1980களில் அமெரிக்கத் தேசிய அளவைச் செயலகத்தில் மேரி சான்சலோனும் நிக்கலாஸ் கரினோவும் ஸ்படிகத்தை விட்டுவிட்டு, சிறு எஃகுக் குண்டைத் தளத்தின்மேல் தட்டி, அந்த அதிர்வு மேல் முகத்துக்கும் அடி முகத்துக்கும் இடையே எத்தனை தடவை போய்வருகிறது என்பதை அதிர்வெண்ணாகப் படித்துக் கனத்தைக் கண்டார்கள். பவர்ஸ் மணிகளைக் கொண்டு தேடிய ஸ்வரத்தையே அவர்கள் கணிப்பொறியைக் கொண்டு தேடினார்கள் எனலாம். பிறகு ருஷ்யர்கள் கிரீஸே வேண்டாத கூர்முனைத் தலைகளை அமைத்தார்கள். நுனியின் சிறு புள்ளி மட்டும் கான்கிரீட்டைத் தொடுவதால் கரடுமுரடு ஒரு பொருட்டல்ல. குறுக்கலைகளை அவை அனுப்புவதால் அலைநீளமும் குறைவு. நாற்பது தலைகளை ஒரே பெட்டியில் பதித்து, ஒவ்வொரு வரிசையையும் முறைவைத்துப் பேசவிட்டு, மற்றவற்றைக் கேட்கவிட்டு, அத்தனை பதிவுகளையும் கணிப்பொறியில் ஒன்றாகக் குவித்தால், ஜல்லிகள் எழுப்பும் சிதறொலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்க, அடி முகமும் வெற்றிடமும் கம்பிக் குழாயும் எழுப்பும் உண்மை எதிரொலி மட்டும் ஓங்கி நிற்கிறது. வலிமையைப் பற்றி இந்தப் படம் வாய் திறப்பதில்லை. எங்கே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சில சென்டிமீட்டர் நுண்மையோடு சொல்கிறது.

சிதறொலியைப் பகையாகக் கருதாமல் அதையே சாட்சியாக அழைக்கலாம் என்பது இந்த நூற்றாண்டில் பூகம்ப ஆராய்ச்சியாளர்கள் தந்த யோசனை. முதலில் வந்து சேரும் அலை ஒரு நேர்வழியை மட்டும் அறியும்; கடைசியில் தள்ளாடிக்கொண்டு வரும் வால் அலையோ, ஜல்லிக்கு ஜல்லி மோதித் திரும்பி, கான்கிரீட்டின் மூலைமுடுக்கெல்லாம் பல தடவை சுற்றிவந்தது; ஆகவே வேகத்தில் ஏற்படும் மிகச் சிறு மாறுதலும் அதில் பெருகிக் காட்சியளிக்கும். 2009இல் கிரெனோபிளில் லாரோஸ், ஹால் இருவரும் 500 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலியைக்கொண்டு இந்த வால் அலையை ஒப்பிட்டு, வேக மாறுதலை லட்சத்தில் இரண்டு பங்கு வரை பிரித்தறிந்தார்கள். காற்றழுத்தத்தில் பாதியளவு அழுத்த மாறுதலும் அதற்குப் புலனாயிற்று. கான்கிரீட்டின் வேகம் இவ்வளவு என்று இம்முறை சொல்வதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் வேகம் எவ்வளவு மாறியது என்று மட்டும் சொல்கிறது. பெர்லினில் பொருள் ஆராய்ச்சிக்கான ஜெர்மானியக் கூட்டாட்சி நிலையத்தார் இதை மேலும் கொண்டுபோய், கான்கிரீட் வார்க்கும்போதே ஒலித்தலைகளை உள்ளே பதித்துவிடும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். தூரம் மாறுவதில்லை, கிரீஸ் வேண்டியதில்லை, அழுத்திப் பிடிக்கும் கையின் வேறுபாடும் இல்லை. ஆனால் ஒரு பாகை வெப்பம் ஏறினாலே கான்கிரீட்டில் ஒலியின் வேகம் லட்சத்தில் பல பத்துப் பங்கு மாறிவிடுகிறது, அவர்கள் தேடும் மாறுதலைவிட அது பெரிது. அதனால் ஒலித்தலைகளுக்குப் பக்கத்திலேயே வெப்பமானிகளையும் பதித்து, இரண்டு பதிவுகளையும் பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே, எந்த மாறுதல் வெயிலால் வந்தது, எது சுமையாலோ பிளவாலோ வந்தது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.